கவிஞரைப் பற்றி ஊராரிடம் கேட்ட பாதிரியார்

தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொள்வார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்புறம் ‘உம்… உம்… உம்…’ என்று ஆரம்பிப்பார். கொஞ்ச தூரம் போய் நிற்பார். மறுபடி ‘உம்… உம்…’ என்று பாதையின் அடுத்த முனை வரை போவார். பிறகு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து ஏதோ எழுதுவார்.

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் கவிதை செய்த விதத்தை, சின்ன வயதில் அவர் வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் விவரித்தார். கேட்டு எழுதிக்கொண்டவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பணியாற்றிய பாதிரியார்.

‘டாஃபடில்ஸ்’ கவிதையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு வேர்ட்ஸ்வொர்த்தைத் தெரியும். ரான்ஸ்லியைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தப் பூக்கள் ஆடிய ஏரிக்கரையில் இன்று யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால், அதற்கு முக்கியக் காரணம் அவர். ஒரு கவிஞர் மேல் பைத்தியமாக இருந்த ரசிகர் நாற்பது வருடம் அவரைப் பற்றி எழுதினார், பேசினார், கல்வெட்டு வைத்தார், நிலம் வாங்க உண்டியல் குலுக்கினார். இதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் குரலை அடக்கிக்கொண்டு பிறர் சொல்வதைக் கேட்ட இடங்களில் ரான்ஸ்லி ஜெயித்தார். தானே கவிஞராக முயன்ற இடங்களில் தோற்றார். வேர்ட்ஸ்வொர்த் சொன்னதிலும் ஒரு பாதியைத்தான் காதில் போட்டுக்கொண்டார், மறுபாதியைக் கேட்காதது போல இருந்துவிட்டார். அதுவும் நல்லதாகவே போயிற்று.

ஆள் யார்

1851-ல் தேம்ஸ் கரையில் உள்ள ஷிப்லேக்கில் பிறந்தார். அப்பா அங்கே பாதிரியார். அதற்கு முந்தைய வருடம் கவிஞர் டெனிசனுக்கு அந்த ஊர்த் தேவாலயத்தில்தான் திருமணம் நடந்தது, நடத்திவைத்தவர் ரான்ஸ்லியின் அப்பா. வேர்ட்ஸ்வொர்த் இறந்ததும் அதே 1850-ல்தான். ஆக, கவிஞர்கள் என்றால் புத்தகத்தில் இருப்பவர்கள் என்ற எண்ணமே இந்தப் பையனுக்கு இருந்திருக்காது. கவிஞர் என்றால் வீட்டுக்கு வந்துபோகும் மனிதர்.

ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் படித்தார். அங்கே கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஹிங்க்ஸி என்ற கிராமத்துக்குச் சாலை போட வைத்தார். கையில் மண்வெட்டி பிடித்த அந்தக் கூட்டத்தில் ரான்ஸ்லியும் ஒருவர். சாலை அப்படியொன்றும் நன்றாக அமையவில்லை என்பார்கள். ஆனால் அழகு என்பது உடம்பு வளைந்து செய்யவேண்டிய வேலை என்ற ரஸ்கினின் பாடம் பதிந்துவிட்டது. பிறகு லண்டன் ஏழைகள் மத்தியில் கொஞ்ச காலம் பணி. அந்த நாட்களில் பழக்கமானவர்தான், ஏழைகளுக்கு வீடு அமைத்துக் கொடுப்பதில் பெயர்பெற்ற ஆக்டேவியா ஹில். இந்தப் பழக்கம் பின்னால் பெரிய காரியத்துக்கு உதவியது.

1870-களின் கடைசியில் விண்டர்மியர் ஏரிக்கரையிலுள்ள ரே என்ற சின்ன ஊருக்குப் பாதிரியாராக வந்தார். 1878-ல் ஆம்பிள்சைடைச் சேர்ந்த ஈடித் ஃபிளெட்சரைத் திருமணம் செய்துகொண்டார். 1883-ல் கெஸ்விக் நகரை ஒட்டிய கிராஸ்த்வெயிட் தேவாலயம் கிடைத்தது. 1917-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயேதான். நடுவில் 1898-ல் மடகாஸ்கருக்கு பிஷப்பாகப் போகிறீர்களா என்று கேட்டார்கள், மறுத்துவிட்டார்.

கேட்டதை எழுதிய கட்டுரை

1880-ல் வேர்ட்ஸ்வொர்த் சங்கம் தொடங்கியது. பேராசிரியர்களும் பாதிரியார்களும் பிரபுக்களும் கூடி, கவிஞரின் தத்துவம், கவிஞரின் சமயம் என்றெல்லாம் கட்டுரை வாசிக்கும் சபை. 1882-ல் ரான்ஸ்லி அங்கே ஒரு கட்டுரை படித்தார். ஏரி மாவட்டத்தைச் சேர்ந்த வெஸ்ட்மர்லாந்து உழவர்களிடையே வேர்ட்ஸ்வொர்த் பற்றி எஞ்சியிருக்கும் நினைவுகள் என்பது பொருள்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று அவரே சொல்கிறார். லிங்கன்ஷயரில் டெனிசனின் பழைய ஊருக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். டெனிசன் உயிரோடு இருக்கும்போதே, அந்த ஊர்க்காரர்கள் அவரைச் சுத்தமாக மறந்துவிட்டதைக் கண்டிருக்கிறார். அதனால் இங்கே வந்ததும், வேர்ட்ஸ்வொர்த்தைக் கண்ணால் பார்த்தவர்கள் போய்ச்சேர்வதற்குள் கேட்டுவிடவேண்டும் என்று கிளம்பினார். வேலைக்காரர்கள், கல் அடுக்கிச் சுவர் கட்டுபவர்கள், விடுதி நடத்துபவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போனார். இதில் ஒரு உள்நோக்கமும் உண்டு. வாழ்நாளெல்லாம் இடையர்களையும் பிச்சைக்காரர்களையும் பாடியவரை, அந்த இடையர்கள் எப்படி நினைத்தார்கள்?

கிடைத்த பதில்கள் எந்த ரசிகனுக்கும் சங்கடமானவை. எல்லோரோடும் பேசிப் பழகும் ஆள் இல்லை. முகத்தில் அன்பு தெரியாது. மனசில் ஒரு வெறுமை உள்ளவர். கெட்ட பழக்கமா, எந்தப் பழக்கமும் கிடையாது, கையில் கோப்பையும் பார்த்ததில்லை, வாயில் புகைக்குழாயும் பார்த்ததில்லை. (அந்த ஊரில் இது பாராட்டு அல்ல.) வழியில் முணுமுணுத்துக்கொண்டே வருவார், பிள்ளைகள் மிரண்டு ஓடும். அவர்களுக்குப் பிடித்தவர், அளவில்லாமல் குடித்துவிட்டு யார் வீட்டிலும் உட்கார்ந்து கதை பேசிய, கவிஞர் கோல்ரிட்ஜின் மகன் ஹார்ட்லிதான். ‘குட்டி ஹார்ட்லி’ என்றே சொன்னார்கள். வேர்ட்ஸ்வொர்த் பெயரில் உள்ள கவிதைகளில் நல்லவை எல்லாம் ஹார்ட்லி உதவியால் வந்தவை என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தார்கள்.

கவிதை படித்திருக்கிறீர்களா என்று ஒருவரிடம் கேட்கிறார். ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் கவிதையிலும் கவிதை இருக்கிறது பாருங்கள் என்கிறார் அவர். கொஞ்சம் சந்தோஷம் உள்ள கவிதை ஒரு வகை, சிரிக்க முடியும், பிள்ளைகளுக்கும் புரியும். இன்னொரு வகை, என்ன சொல்லியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பெரிய சாமர்த்தியம் வேண்டும். வேர்ட்ஸ்வொர்த்துடையது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். ஆளுடைய முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவர் கவிதையில் சிரிப்பே இருக்காது என்று.

இதைவிடச் சுருக்கமான இலக்கிய விமர்சனத்தை நான் படித்ததில்லை. தலைமேல் வைத்துக் கொண்டாடிய கவிஞரைப் பற்றி ஊரார் இப்படிச் சொன்னதை, ஒரு வார்த்தை மழுப்பாமல், அவர்கள் கொச்சையிலேயே எழுதிக்கொண்டு போய் அந்தச் சபையில் வாசித்தார் பாருங்கள், அங்கேதான் ரான்ஸ்லி எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார். பாதிரியார்தானே, நாலு நல்ல வார்த்தை சேர்த்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

எல்லாம் குறையாகவும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் கவிஞர் பனிச்சறுக்கில் சூரர். ஒரு கையை மார்புச் சட்டைக்குள்ளும் மறு கையை இடுப்புப் பட்டியிலும் செருகிக்கொண்டு, குளிருக்கு இடையர்கள் செய்வது போல, நிமிர்ந்து நின்று அசைந்து அசைந்து கம்பீரமாகப் போவாராம். ‘பிரெலூட்’ காவியத்தில் சிறுவயதுப் பனிச்சறுக்கைப் பாடிய பகுதியைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி ஒரு பரிசு. கவிஞர் உள்ளிருந்து எழுதியதை, இங்கே ஒருவர் கரையில் நின்று பார்த்துச் சொல்கிறார்.

அதைவிட முக்கியமான சாட்சி டொரோத்தியைப் பற்றியது. அவர் பாட்டுக்கு முனகிக்கொண்டு முன்னால் போவார், தங்கை டொரோத்தி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய், அவர் வாயிலிருந்து விழும் துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார் என்று ஊரார் சொன்னார்கள். டொரோத்தியின் நாட்குறிப்புகள் ஓரளவு முழுமையாக அச்சில் வந்தது 1897-ல்தான். அண்ணன் கவிதையில் தங்கைக்கு இருந்த பங்கைப் பற்றி அறிஞர்கள் விரிவாகப் பேசியது அதற்கும் பின்னால். படிக்காத கிராமத்தார் 1882-க்கு முன்பே அதைப் பார்த்த மாதிரி சொல்லிவிட்டார்கள், ஏனென்றால் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

சரி, இந்தச் சாட்சியங்களை அப்படியே நம்பலாமா? முழுக்க நம்ப வேண்டாம். ரான்ஸ்லி சந்தித்தவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ரைடல் மவுண்ட் வீட்டில் 1813-லிருந்து 1850 வரை வாழ்ந்த வேர்ட்ஸ்வொர்த். அரசாங்க முத்திரைத்தாள் அதிகாரி, பிறகு அரசவைக் கவிஞர், பெரிய இடத்து மனிதர். அதற்கு முன்பு கிராஸ்மியரில் டவ் காட்டேஜ் என்ற சின்ன வீட்டில் காசுக்குக் கஷ்டப்பட்டு, தலைசிறந்த கவிதைகளை எழுதிய முப்பது வயதுக்காரரைத் தெரிந்தவர்கள் 1880-ல் எங்கே இருக்கப் போகிறார்கள்? தவிர, கேள்வி கேட்பவர் பாதிரியார். பாதிரியார் முன்னால் யாரும் முழுசாகப் பேசிவிடுவதில்லை. பேசுகிறவர்களின் பெயரையும் அவர் பெரும்பாலும் தரவில்லை. இவ்வளவையும் கழித்த பிறகும், ஒரு கவிஞரைப் பற்றி அவருடைய அண்டை அயலாரிடம் முறையாகக் கேட்டுப் பதிந்த ஆவணம் என்ற வகையில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். வேர்ட்ஸ்வொர்த்தின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இன்றும் அந்த ‘உம் உம்’மை விட்டுவைப்பதில்லை.

சொந்தக் குரல்

ஏரி மாவட்டத்தின் இலக்கியத் தொடர்புகளைப் பற்றி 1894-ல் இரண்டு தொகுதி எழுதினார். ரஸ்கினைப் பற்றி, டெனிசன் குடும்பத்தைப் பற்றியும் புத்தகங்கள் உண்டு. இவற்றில் தகவல் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, கொஞ்சம் வாய்ச்சவடாலும் இருக்கிறது. பிரச்சினை அவருடைய சானெட்டுகள், அதாவது பதினாலு வரிக் கவிதைகள். யாராவது இறந்தால் சானெட், பாலம் திறந்தால் சானெட், கப்பல் மூழ்கினால் சானெட். இன்று அவற்றைப் படிப்பவர்கள் ஆய்வு மாணவர்கள் மட்டும்தான், அதுவும் வேறு வழியில்லாமல்.

ஒரு சின்னச் சம்பவம் போதும். 1882 கோடையில் ரே கோட்டையை வாடகைக்கு எடுத்துத் தங்கவந்த ஒரு லண்டன் குடும்பத்தோடு ரான்ஸ்லிக்கு நட்பு ஏற்பட்டது. அந்த வீட்டுப் பதினாறு வயதுப் பெண் பியாட்ரிக்ஸ் பாட்டர். பின்னால் அவர் எழுதிய பீட்டர் முயல் கதையைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியபோது, உதவி செய்கிறேன் என்று ரான்ஸ்லி அந்தக் கதையை முழுக்கச் செய்யுளாக்கிப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். படம் நன்றாயிருக்கிறது, கதையை அம்மணி எழுதிய எளிய உரைநடையிலேயே போட்டுவிடலாம் என்று முடிவானது. உலகம் முழுக்கக் குழந்தைகள் அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்தப் பெண்ணை ஊக்கப்படுத்தியவர், ஏரி மாவட்டத்தைக் காப்பாற்றும் பித்தைத் தொற்றவைத்தவர் ரான்ஸ்லி என்பதையும் மறக்கக்கூடாது. பாட்டர் 1943-ல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் பொதுவுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

ஆறு பெயர், ஒரு பாறை

கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த், கெஸ்விக்கில் கோல்ரிட்ஜ். நடுவில் பதின்மூன்று மைல். பாதி வழியில், தர்ல்மியர் ஏரி ஓரம் ஒரு பாறை, வரும்போதும் போகும்போதும் சந்தித்துப் பிரியும் இடம். அதில் ஆறு பேர் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கியிருந்தார்கள். வேர்ட்ஸ்வொர்த், அவர் மணக்கப்போகும் மேரி ஹட்சின்சன், டொரோத்தி, கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி ஜான், மேரியின் தங்கை சாரா. கோல்ரிட்ஜ் மனசு சாரா மேல் இருந்தது, அவருக்கு வேறு மனைவி இருந்தார். ஜான் 1805-ல் கப்பலோடு மூழ்கிப் போனார். இந்தக் கூட்டம் பிறகு சிதறிவிட்டது. அந்த ஆறு பேரும் ஒன்றாக இருந்ததற்குக் கல்லில் இருந்த ஒரே சாட்சி இது.

மான்செஸ்டர் மாநகராட்சி குடிநீருக்காகத் தர்ல்மியரை அணைகட்டி உயர்த்த 1879-ல் சட்டம் வாங்கிவிட்டது. பாறை தண்ணீருக்குள் போகும் நிலை. ரான்ஸ்லியும் ஈடித்தும் அதைப் பெயர்த்து மேலே கொண்டுபோக முயன்றார்கள், முடியவில்லை. கடைசியில் அந்த வேலைகளுக்கு நடுவே பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. புருஷனும் பெண்சாதியும் அந்தக் கற்குவியலுக்குள் இறங்கி, எழுத்துகள் இருந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, 1886-ல் சாலைக்கு மேலே ஒரு கற்கும்பமாக அடுக்கிவைத்தார்கள். அங்கே ஏறக்குறைய நூறு வருடம் மழையில் நின்றது. 1984-ல் அதை எடுத்துவந்து கிராஸ்மியரில் டவ் காட்டேஜ் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் பொருத்தினார்கள். இப்போது போனால் பார்க்கலாம், ஒட்டுப்போட்ட எழுத்துகள்.

இந்தத் தோல்விதான் அவருக்கு முக்கியமான பாடம் என்று நினைக்கிறேன். சட்டம் கையில் இருப்பவன் முன்னால் சானெட் செல்லாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பாதி காதில் விழுந்த கவிஞர்

வேர்ட்ஸ்வொர்த் ஏரி மாவட்டத்துக்கு எழுதிய வழிகாட்டியில் ஒரு வரி உண்டு. பார்க்கக் கண்ணும் ரசிக்க மனசும் உள்ள ஒவ்வொருவருக்கும் பங்கும் உரிமையும் உள்ள ஒருவகைத் தேசியச் சொத்து இந்தப் பிரதேசம் என்கிறார். அதே மனிதர் 1844-ல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் வரப்போகிறது என்றதும் கொதித்தெழுந்தார். சானெட் எழுதினார், பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாக ரயிலில் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கு ஒரு பலனும் இல்லை என்பது அவர் வாதம். ரயில் 1847-ல் வந்தேவிட்டது.

ரான்ஸ்லியும் ரயிலை எதிர்த்தார். ஹானிஸ்டர் சுரங்கத்திலிருந்து ஓட்டுக்கல் ஏற்றிச்செல்ல டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேற்குப் பக்கமாக ஒரு பாதை போட 1883-ல் திட்டம் வந்தபோது, நாடு முழுக்கக் கடிதம் எழுதிக் கிளர்ச்சி செய்தார். திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சூட்டிலேயே ஏரி மாவட்டப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. இதுவரை கவிஞர் வழி.

ஆனால் கூட்டம் வரக்கூடாது என்பது ரான்ஸ்லியின் கவலையே இல்லை. கெஸ்விக் பக்கத்திலுள்ள லாட்ரிக் குன்றுக்குப் போகும் பழைய நடைபாதையை நில உரிமையாளர்கள் அடைத்தபோது, எதிர்த்துப் போராடிய நடைபாதைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். 1887 அக்டோபர் முதல் தேதி சுமார் 2,000 பேர் தடைகளைத் தாண்டிக் குன்றின் மேல் ஏறினார்கள். அடுத்த வருடம் வழக்கு சமரசமாக முடிந்து, உச்சிக்குப் போகும் பாதை மக்களுக்குக் கிடைத்தது. வேர்ட்ஸ்வொர்த் அதைப் பார்த்திருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பாரோ என்னவோ. பார்க்கக் கண் வேண்டும், மனசு வேண்டும் என்ற நிபந்தனையைக் கவிஞர் ஒரு வேலியாக வைத்திருந்தார். பாதிரியார் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு, ‘ஒவ்வொருவருக்கும்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சொல்லுக்குச் சட்ட உருவம் கொடுத்தவர் வழக்கறிஞர் ராபர்ட் ஹன்ட்டர். அவரும் ஆக்டேவியா ஹில்லும் ரான்ஸ்லியும் சேர்ந்து உருவாக்கிய, அழகான இடங்களைப் பொதுமக்களுக்காக வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் 1895 ஜனவரியில் பதிவானது. அன்றிலிருந்து சாகும்வரை ரான்ஸ்லி அதன் கௌரவச் செயலாளர். 1902-ல் டெர்வென்ட்வாட்டர் கரையில் பிராண்டெல்ஹவ் என்ற 108 ஏக்கர் நிலத்தை 6,500 பவுண்டுக்கு வாங்கினார்கள். முன்பு ரயில் பாதைக்குத் திட்டமிட்ட அதே மேற்குக் கரை. பணம் சில்லறையாக வந்தது. ஷெஃபீல்டிலிருந்து ஓர் ஆலைத் தொழிலாளிப் பெண், ஏரிகளைப் பார்க்கவேண்டும் என்று ஆயுசு முழுக்க ஏங்கினேன், இனிப் பார்க்கப் போவதில்லை, மற்றவர்களுக்காகவாவது இருக்கட்டும் என்று எழுதி இரண்டரை ஷில்லிங் அனுப்பியிருந்தார். ரயிலில் வந்து ஊரைக் கெடுத்துவிடுவார்கள் என்று கவிஞர் பயந்த அதே ஆலைத் தொழிலாளிகள்.

அடுத்தது கோபாரோ. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை, 700 ஏக்கருக்கு மேல், விலை 12,000 பவுண்டைத் தாண்டியது. 1802 ஏப்ரல் 15 அன்று, பலத்த காற்றில் நடந்துவந்த அண்ணனும் தங்கையும் தண்ணீர் ஓரம் முதலில் சில பூக்களைப் பார்த்தார்கள், போகப் போகக் கரை நெடுகப் பூ. சில பூக்கள் களைத்துப்போய்த் தலையணையில் சாய்வது போலக் கற்களின் மேல் தலைசாய்த்திருந்தன, மற்றவை காற்றோடு சிரிப்பது போல ஆடின என்று டொரோத்தி நாட்குறிப்பில் எழுதினார். இரண்டு வருடம் கழித்து அண்ணன் அதைக் கவிதையாக்கினார், தான் தனியே அலைந்ததாகச் சொல்லிக்கொண்டு. பின்னால் வந்து துண்டுகளைப் பொறுக்கியவர் கவிதையில் காணோம். ரான்ஸ்லி முன்னின்று திரட்டிய பணத்தால் 1906-ல் அந்தக் கரை பொதுச் சொத்தானது. வீடுகளும் விடுதிகளும் முளைத்திருக்க வேண்டிய இடம். மஞ்சள் வெளிறிய, சின்னக் காட்டு டாஃபடில்கள் ஏப்ரலில் இன்னும் அங்கே பூக்கின்றன.

புகையும் வீடு

ஈடித் 1916 டிசம்பர் கடைசி நாளில் இறந்தார். மறு வருடம் ரான்ஸ்லி ஓய்வு பெற்று, ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த கிராஸ்மியர் வீட்டுக்குக் குடிபோனார். வீட்டின் பெயர் ஆலன் பேங்க். 1805-ல் ஒரு லிவர்பூல்காரர் அதைக் குன்றின் மேல் கட்டியபோது, ஊர் அழகையே கெடுத்துவிட்டான் என்று திட்டித் தீர்த்தவர் வேர்ட்ஸ்வொர்த். ‘அருவருப்பின் கோயில்’ என்று பெயர் வைத்தார். குடும்பம் பெருத்து டவ் காட்டேஜ் போதாமல் போகவே, 1808-ல் வாய்மூடி அதே வீட்டுக்கு வாடகைக்குப் போகவேண்டியதாயிற்று. புகைபோக்கிகள் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, அறையெல்லாம் புகை, பாத்திரமெல்லாம் கரி. அந்தப் புகைக்கு நடுவே உட்கார்ந்துதான் ஏரி மாவட்ட வழிகாட்டியின் முதல் வடிவத்தை எழுதினார், அது 1810-ல் வெளிவந்தது.

ரான்ஸ்லி 1920 மே 28 அன்று அந்த வீட்டில் இறந்தார். இரண்டாம் மனைவி எலினோரின் ஆயுளுக்குப் பிறகு வீடு நேஷனல் டிரஸ்டுக்குப் போகும்படி எழுதிவைத்திருந்தார். 2011-ல் தீப்பிடித்து நிறையச் சேதம். அடுத்த வருடம், பூசாத சுவர்களோடு அப்படியே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.